தத்துப்பிள்ளைக்கு இன்னொரு ஆணை எதற்கு?

‘கலெக்டரே கையெழுத்துப் போட்டு ஆர்டர் கொடுத்தாச்சு. பாஸ்போர்ட் வந்தாச்சு, விசா வந்தாச்சு, குழந்தையும் வீட்டுக்கு வந்தாச்சு. இன்னும் எதுக்குப்பா கோர்ட்டு, கேஸுன்னு அலையறீங்க?’

இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்து அமெரிக்காவுக்கு அழைத்துப்போன தம்பதியிடம் ஊரில் இருக்கும் பெரியவர்கள் இப்படிக் கேட்பது சகஜம். நியாயமான கேள்விதான். வருஷக்கணக்கில் காத்திருந்து, ஃபைல் ஃபைலாகக் காகிதம் கொடுத்துத்தான் அந்தக் குழந்தை கைக்கு வந்திருக்கிறது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், குழந்தை பிறந்த நாட்டின் சட்டம் ‘இது இவர்களுடைய பிள்ளை’ என்று சொல்வது பாதிதான். பிள்ளை வளரப்போகும் நாட்டின் சட்டமும் அதையே சொல்ல வேண்டும். பல குடும்பங்களில் இரண்டாவது பாதி தானாகவே நடந்துவிடுகிறது. நடக்காமல் விட்டுப்போன குடும்பங்களில், அது பிள்ளைக்கு 16, 17 வயது ஆகும்போதுதான் தெரியவருகிறது. டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், கல்லூரிக்கான அரசு உதவித்தொகை என்று எதற்காவது விண்ணப்பிக்கும்போது, ‘குடியுரிமைக்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்வி வரும். அப்போது வீட்டில் பதில் இருக்காது.

விசாவில் இருக்கும் எண் முக்கியம்

அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்து வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் நான்கு வகை விசாக்களில் ஒன்று கிடைக்கும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிலிருந்து வரும் குழந்தைக்கு ஐ.ஹெச்-3 அல்லது ஐ.ஹெச்-4. மற்ற நாடுகளிலிருந்து வந்தால் ஐ.ஆர்-3 அல்லது ஐ.ஆர்-4. இந்தியாவும் அமெரிக்காவும் அந்த உடன்படிக்கையில் இருப்பதால், இந்தியக் குழந்தைக்கு இப்போது ‘ஐ.ஹெச்’ விசா.

கடைசியில் வரும் எண்தான் கதையை மாற்றுகிறது.

எண் 3 என்றால், தத்து பிறந்த நாட்டிலேயே முழுமையாக முடிந்துவிட்டது என்று அர்த்தம். 18 வயதுக்குட்பட்ட அந்தக் குழந்தை அமெரிக்கக் குடிமகனான பெற்றோருடன் வாழ்வதற்காக விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியைக் கடந்து உள்ளே வரும்போதே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிடுகிறது. குடியுரிமைச் சான்றிதழும் தனியாக விண்ணப்பிக்காமலேயே தபாலில் வரும். வீடு மாறியவர்கள் முகவரியைத் தெரிவிக்காமல் விட்டால் அந்தத் தபால் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

எண் 4 என்றால், தத்து இன்னும் முடியவில்லை, அமெரிக்காவில் முடிக்க வேண்டும் என்று அர்த்தம். இந்தக் குழந்தைக்குக் கிடைப்பது கிரீன் கார்டுதான். மாநில நீதிமன்றத்தில் தத்து முடிந்த பிறகே குடியுரிமை வரும். அதுவும் 18 வயது முடிவதற்குள் நடந்தாக வேண்டும். அதன் பிறகு என்-600 என்ற விண்ணப்பம் கொடுத்துக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

கிரீன் கார்டும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கையில் இருந்தால் பள்ளி, மருத்துவமனை, இன்ஷூரன்ஸ் என்று எல்லாக் காரியமும் நடக்கும். எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் பல பெற்றோர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். 18 தாண்டிவிட்டால் தானாகக் குடியுரிமை பெறும் வாய்ப்பு போய்விடும். அந்தப் பிள்ளை, வளர்ந்த பிறகு குடியேறிய மற்றவர்களைப் போலவே தனியாக விண்ணப்பித்து, தேர்வு எழுதி, உறுதிமொழி எடுத்துத்தான் குடிமகனாக முடியும்.

ஒரு தேதியால் பிரிந்தவர்கள்

2000-ம் ஆண்டுக்கு முன்பு நிலைமை இன்னும் கடினம். தத்தெடுத்தால் மட்டும் குடியுரிமை வராது. தத்து ஒரு வேலை, குடியுரிமை விண்ணப்பம் இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்த பெற்றோரில் பலருக்கு இரண்டாவது வேலை இருப்பதே தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

30 அக்டோபர் 2000 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் இதை மாற்றியது. பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். குழந்தை 18 வயதுக்குள் இருக்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு வந்து, அந்தப் பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வாழ வேண்டும். தத்தும் சட்டப்படி முடிந்திருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் குடியுரிமை தானாக வந்துவிடும்.

இந்தச் சட்டம் 27 பிப்ரவரி 2001 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு 18 வயதைத் தொட்டுவிட்டவர்களுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில் வளர்ந்த அக்காவும் தம்பியும்கூட இதனால் பிரிந்து நின்றார்கள். 17 வயதுத் தம்பி குடிமகன், 19 வயது அக்கா வெளிநாட்டுப் பிரஜை.

கைக்குழந்தையாக வந்து, ஆங்கிலம் மட்டுமே பேசி, அமெரிக்கப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள், தாங்கள் குடிமக்களே இல்லை என்பதை 30, 40 வயதில் தெரிந்துகொண்டார்கள். 1996-ல் வந்த குடியேற்றச் சட்டம், பல குற்றங்களுக்கு வெளிநாட்டவரை நாடு கடத்துவதைக் கட்டாயமாக்கியிருந்தது. அதில் மாட்டிக்கொண்டு கொரியாவுக்கும் பிரேசிலுக்கும் அனுப்பப்பட்ட தத்துப்பிள்ளைகள் உண்டு. மொழி தெரியாது, சொந்தம் என்று யாரும் கிடையாது. தவறு செய்தால் தண்டனை உண்டுதான். அதே தவறைச் செய்த அண்ணன், அமெரிக்காவில் பிறந்தவன் என்பதால், சிறைக்குப் போய் வீடு திரும்புவான். தத்து வந்த தம்பிக்கு வீடே இல்லாமல் போகும்.

விடுபட்டவர்களையும் சேர்க்க வேண்டும் என்று 2015-லிருந்து பலமுறை அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்திருக்கின்றன. பெற்றோர் கொடுக்க மறந்த ஒரு விண்ணப்பத்துக்காகப் பிள்ளைகள் நடுத்தர வயதில் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியக் குழந்தைகளின் பழைய கணக்கு

இந்தியாவில் பிறந்து வெளிநாடு போன பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தும். வெளிநாட்டுத் தம்பதிக்கு இந்திய நீதிமன்றம் பல ஆண்டுகள் தத்து ஆணை கொடுக்கவில்லை. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி அவர்களைக் குழந்தைக்குக் ‘கார்டியன்’ என்று மட்டும் நியமித்தது. தத்தை அவர்கள் தங்கள் நாட்டுக்குப் போய் முடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒழுங்கு இல்லாமல் இருந்த காலத்தில், லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே வழக்காக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், 1984-ல் நீதிபதி பி.என்.பகவதி எழுதிய தீர்ப்பில் வெளிநாட்டுத் தத்துக்கு விரிவான விதிகளை வகுத்தது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக உருவானதுதான் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம்.

இப்போது சிறார் நீதிச் சட்டம், 2015-ன்படி எந்த மதத்தவருக்கும், வெளிநாட்டவருக்கும்கூட, இந்தியாவிலேயே முழுமையான தத்து ஆணை கிடைக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து இந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். ஹேக் உடன்படிக்கைப்படி எல்லாம் நடந்தது என்ற சான்றிதழை காரா தருகிறது.

ஆகவே இன்று இந்தியாவிலிருந்து தத்தெடுப்பவர்களுக்குப் பழைய சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனால், ‘கார்டியன்ஷிப்’ ஆணையோடு போன பிள்ளைகள் இன்று பெரியவர்கள். அவர்களுடைய வீட்டு அலமாரியில் இருக்கும் இந்திய ஆணையில் ‘தத்து’ என்ற வார்த்தையே இருக்காது. அமெரிக்க மாநில நீதிமன்றத்தின் தத்து ஆணை ஒன்றும் அதோடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எண் 3-ல் வந்தவர்களுக்கும் கோர்ட் வேண்டுமா?

குடியுரிமைக்காக வேண்டாம். ஆனாலும் வெளிநாட்டுத் தத்தை மாநில நீதிமன்றத்தில் மறுபடி உறுதி செய்துகொள்ளும்படி பல தத்தெடுப்பு வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். ‘ரீ-அடாப்ஷன்’ என்று இதற்குப் பெயர். டெக்சாஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் புதிதாக வழக்கு நடத்தாமல், வெளிநாட்டு ஆணையை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. இதனால் கிடைக்கும் பலன்கள் மூன்று.

முதலாவது, உள்ளூர் பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம் சென்னை, மதுரை என்றே இருக்கும். பெற்றோர் பெயர் தத்தெடுத்தவர்களுடையதாக இருக்கும். ஆனால், வழங்குவது அமெரிக்க மாநிலம். தொலைந்துபோனால் வசிக்கும் ஊரிலிருந்தே நகல் வாங்கலாம். இந்தியாவில் ஏதோ ஒரு மாநகராட்சி அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். இந்தப் பிறப்புச் சான்றிதழ் குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, பெயரும் பிறந்த தேதியும். இனிஷியல் வைத்து எழுதும் தமிழ்ப் பெயர், அமெரிக்கப் படிவங்களில் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு காகிதத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். இன்னொன்றில் குழந்தையின் பெயரே கடைசிப் பெயராக மாறியிருக்கும். அதே மனுவிலேயே பெயரைச் சரிசெய்துகொள்ளலாம். கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்த தேதி பெரும்பாலும் மருத்துவர் கணித்ததாக இருக்கும். பள்ளி வயது வரும்போது அது ஒன்றிரண்டு வருஷம் தள்ளியிருப்பது தெரிந்தால், மருத்துவச் சான்றோடு திருத்தம் கேட்கப் பல மாநிலங்களில் வழி உண்டு.

மூன்றாவது, யாரும் கேள்வி கேட்க முடியாத உறுதி. ஓர் அமெரிக்க மாநிலத்தின் நீதிமன்ற ஆணையை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பே சொல்கிறது. வெளிநாட்டு ஆணைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஹேக் உடன்படிக்கைப்படி நடந்த தத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது விதிதான். இருந்தாலும், சொத்துப் பிரிவினையிலோ விவாகரத்திலோ ‘அந்தப் பிள்ளை சட்டப்படி வாரிசா?’ என்று யாராவது கிளப்பினால், உள்ளூர் நீதிபதியின் ஒரு பக்க ஆணை அங்கேயே வாயை அடைத்துவிடும்.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

பயப்பட ஒன்றும் இல்லை. பெற்றோர் வசிக்கும் கவுன்ட்டியின் நீதிமன்றத்தில் மனு கொடுக்க வேண்டும். இந்தியத் தத்து ஆணை, காரா சான்றிதழ், குழந்தையின் பாஸ்போர்ட், விசா பக்கம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், சமூகப் பணியாளரின் வீட்டு ஆய்வு அறிக்கை ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். வேறு மொழியில் இருக்கும் ஆவணங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

குழந்தை வந்த பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் அறிக்கைகளும் இங்கே உதவும். காரா விதிப்படி முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாவது வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இவை இந்தியாவுக்குப் போயாக வேண்டும். எப்படியும் தயாராகும் அறிக்கைதான். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

விசாரணை என்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். பல நீதிமன்றங்களில் நீதிபதியின் மரச் சுத்தியலைக் குழந்தையின் கையில் கொடுத்துத் தட்டச் சொல்வார்கள். குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கோர்ட் என்றாலே முகம் சுளிக்கும் தாத்தா, பாட்டிகளுக்கு அந்த போட்டோவை அனுப்பலாம்.

சொந்தத்தில் தத்தெடுக்கிறீர்களா?

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அக்கா பிள்ளையைத் தங்கைக்கோ, தம்பி பிள்ளையை அண்ணனுக்கோ தத்து கொடுப்பது நம் ஊரில் பழைய வழக்கம். பெரியவர்கள் கூடி, ஹோமம் செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு விசாவுக்குப் போனால் கதவு திறக்காது.

அமெரிக்காவில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமகன் இந்தியக் குழந்தையைத் தத்தெடுத்தால், 1 ஏப்ரல் 2008-லிருந்து ஹேக் நடைமுறை பொருந்தும். வீட்டு ஆய்வு, ஐ-800ஏ, அதன் பிறகு ஐ-800 விண்ணப்பம், அதற்குத் தற்காலிக ஒப்புதல் என்று வரிசைப்படி போய், கடைசியில்தான் தத்து நடக்க வேண்டும். முதலில் தத்து, பிறகு விண்ணப்பம் என்று தலைகீழாகச் செய்தால் சரிசெய்வது மிகவும் கஷ்டம். ஐ-800 கொடுக்கும்போது குழந்தைக்குப் பொதுவாக 16 வயது ஆகியிருக்கக் கூடாது.

இந்தியச் சட்டத்தில் உறவினர் தத்துக்கு, 60-வது பிரிவில் தனி வழி இருக்கிறது. அதில் ‘உறவினர்’ என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா, பாட்டி ஆகியோர்தான். ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளை, எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், இந்தக் கணக்கில் வராது.

அமெரிக்கா இன்னொன்றும் கேட்கும். பெற்ற தாய், தந்தை இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் குழந்தையைச் சரிவர வளர்க்க முடியாத நிலை என்று காட்ட வேண்டும். ‘அங்கே போனால் நல்லா படிக்கும்’ என்பது காரணமாகாது.

தத்தெடுப்பவர் இருவரும் கிரீன் கார்டிலோ எச்-1பி விசாவிலோ இருந்தால், இந்த ஹேக் விசா வழி அவர்களுக்கு இல்லை. 16 வயதுக்குள் தத்து நடந்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகள் குழந்தை அவர்களுடைய சட்டப்பூர்வப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று வேறு விதி வரும். பத்திரம் பதிவதற்கு முன்பே குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தியப் பாஸ்போர்ட்டை என்ன செய்வது?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. குழந்தை அமெரிக்கக் குடிமகன் ஆன பிறகு, தேதி முடியாமல் இருக்கிறதே என்று இந்தியப் பாஸ்போர்ட்டில் கோடை விடுமுறைக்கு ஊருக்கு அழைத்து வரக் கூடாது. அதைத் தூதரக நடைமுறைப்படி ஒப்படைத்துவிட்டு, அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். குடியுரிமை கிடைத்த தகவலைத் தத்தெடுப்பு ஏஜென்சி வழியாக காராவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தை மறந்துவிடுபவர்கள் நிறைய பேர். குழந்தை வந்த புதிதில் எண் வாங்கும்போது, அங்கே ‘வெளிநாட்டவர்’ என்று பதிந்திருக்கலாம். சான்றிதழைக் காட்டி ‘குடிமகன்’ என்று மாற்றாவிட்டால், கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பழைய பதிவு முன்னால் வந்து நிற்கும்.

ஒரு ஃபைல், ஆறு காகிதம்

தத்தெடுத்த ஒவ்வொரு வீட்டிலும் இவை ஒரே ஃபைலில் இருக்க வேண்டும்:

1. பிறந்த நாட்டின் தத்து ஆணை, காரா சான்றிதழுடன்.

2. விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட் பக்கத்தின் தெளிவான நகல். ஒப்படைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

3. மாநில நீதிமன்றத்தின் தத்து ஆணை அல்லது பதிவு ஆணை, சான்றளித்த நகல்கள் இரண்டு மூன்று.

4. மாநிலம் வழங்கிய பிறப்புச் சான்றிதழ்.

5. குடியுரிமைச் சான்றிதழ். பாஸ்போர்ட்டுக்குக் காலாவதி உண்டு, இதற்குக் கிடையாது. அதனால் பாஸ்போர்ட் இருந்தாலும் இதையும் வாங்கி வைப்பது நல்லது.

6. குடிமகன் என்று திருத்திய சோஷியல் செக்யூரிட்டி பதிவு.

இதில் ஏதாவது இல்லை என்றால், குழந்தை சின்னதாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கிரீன் கார்டோடு இருக்கும் பிள்ளை 14 வயது ஆனதும் கைரேகை கொடுத்து அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த நேரத்தில் ‘ஏன் இன்னும் கிரீன் கார்டு?’ என்று பெற்றோர் தங்களையே கேட்டுக்கொண்டால்கூட நான்கு வருஷம் கையில் இருக்கும். 17-வது பிறந்தநாளில் கேட்டுக்கொண்டால் ஓட வேண்டியிருக்கும். 18-க்குப் பிறகு கேட்டால் அந்த வழியே மூடிவிடும்.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் அந்த ஃபைலை அதன் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். எங்கே பிறந்தோம், எந்த ஆணையால் இந்த வீட்டுக்கு வந்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அது அந்தப் பிள்ளையின் சொத்து. பெற்றோர் இல்லாத ஒரு நாளில் ‘நீ யார் பிள்ளை?’ என்று ஏதோ ஓர் அலுவலகம் கேட்டால், பதில் சொல்ல அந்தக் காகிதங்கள்தான் இருக்கும்.